உறவினர் முன்வரவில்லை என்று எழுதிய கை

இரத்தக் குழாயைத் தைப்பதற்கு என்னுடைய புத்தி உங்களுக்குத் தேவையில்லை. அதைக் காட்டித்தர நீங்கள் பயிலுகிற இந்தச் சிறுநீரகப் பிரிவில் ஆட்கள் இருக்கிறார்கள். கை பழகும். வெளிறிக் கிடந்த சிறுநீரகம் ஒன்று உங்கள் விரல்களுக்கு நடுவே மெல்லச் சிவந்து, குழாய் நுனியில் முதல் துளி சிறுநீர் சொட்டுகிற அன்றைக்கு நீங்களும் என்னைப் போலச் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்குள் வாய்விட்டுச் சிரிப்பீர்கள். அதைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு பேனையைத் தொட்டால் வருவது கோபம். முதலில் என் மீது, அடுத்து ஒரு மேசை மீது, பிறகு அந்த மேசையைச் சுற்றி இருந்த கதிரைகள் மீது. ஆறவில்லை. ஆறாமல் இருப்பதே நல்லது என்றும் தோன்றுகிறது. ஆகவே கத்தி தொடாத ஒரு கதையைக் கேளுங்கள்.

எழுபதுகளின் பின்பாதி. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை அப்போது இந்த நாட்டில் தொடங்கியிருக்கவில்லை. கடலுக்கு அக்கரையில், தென்னிந்தியாவில் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே அனுப்புவதற்குச் சிலரைத் தெரிவு செய்யவென்று தலைநகரில் ஒரு குழு இருந்தது. நான் திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை வார்ட்டின் இளைய டொக்டர். எங்கள் வார்ட்டிலிருந்து அந்தக் குழுவுக்கு அதுவரை ஒரு படிவமும் போனதில்லை. போகலாம் என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை வேறு யாருக்கோ உள்ள வைத்தியம் என்றே நினைத்திருந்தோம்.

அந்த ஆண்டு ஹனீபா வந்தார். கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணி ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் குழாய் பொருத்துகிற வேலை. இரண்டு சிறுநீரகத்திலும் கல். ஒரு பக்கம் ஏற்கெனவே சுருங்கிவிட்டது. மறுபக்கத்துக் கல்லை எங்கள் பெரிய டொக்டர் எடுத்தார். கல் வந்தது, சிறுநீரகம் திரும்பி வரவில்லை. வயிற்றுக்குள் குழாய் விட்டு, நீரை ஏற்றி இறக்கி நஞ்சைக் கழுவுகிற ஒரு முறை எங்களிடம் இருந்தது. அது நாட்களை நீட்டும். அவ்வளவுதான்.

"படிவத்தைப் போட்டுப் பாரும்," என்றார் பெரிய டொக்டர். மிகக் குறைவாகக் கதைக்கிற மனிதர். "இல்லை எண்டு அவை சொல்லட்டும். நாங்கள் ஏன் முதலே சொல்லுவான்?"

படிவத்தோடு ஹனீபாவின் கட்டிலடிக்குப் போனேன். தாய் தகப்பன் இல்லை. கூடப் பிறந்தது ஒரு தங்கச்சி மட்டும். சுலைஹா. அவள் ஒரு சிறுநீரகம் தந்தால் நீங்கள் பிழைக்கலாம் என்று விளக்கினேன். பாதி சொல்லும்போதே கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"டொக்டர், அந்தக் கதைய விடுங்க. தங்கச்சிட்ட வாங்கிறதா?"

"உயிர் பிழைக்கிற விஷயம் ஹனீபா."

"எங்கட ஊர்ல காக்காமார் குடுக்கிற. வாங்கிறல்ல. அவள்ர ஊட்டுக்குக் கல்லரிஞ்சது நான், செவர் கட்டினது நான், ஓடு போட்டதும் நான். அவளக் கரை சேத்துப் போட்டுத்தான் நான் கலியாணம் முடிச்ச. இப்ப போய் அவள்ர வயித்தக் கீறி எடுக்கிறதா? மவுத்தாப் போறது மேல்."

கிழக்கில் பிறந்த உங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன். இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். காக்கா என்கிற அண்ணன் அந்த வீட்டைக் கட்டி முடித்த பிறகுதான் தன் கலியாணத்தைப் பற்றி யோசிப்பான். கொடுத்த இடத்தில் கை நீட்டுவது அவனுக்குச் சாவிலும் பெரிய வெட்கம்.

எனக்கு மெய்சிலிர்த்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்; என் பிழை இங்கேதான் தொடங்குகிறது. அந்த மறுப்பு எனக்கு அழகாக இருந்தது. அழகான வார்த்தையைக் கேட்டால் உருகி நின்றுவிடுகிற ஆள் நான், இன்றைக்கும். வீங்கிய முகமும் பிளந்த உதடுமாக ஒரு மனிதன் தன் தங்கச்சியின் சுவர்களைப் பற்றிச் சொல்கிறான். நான் ஒரு பாட்டைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். வைத்தியன் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி என் வாயில் வரவே இல்லை.

படிவத்தில் அந்த இடத்தில் இரண்டே கட்டங்கள். உறவினர் முன்வந்துள்ளார். உறவினர் முன்வரவில்லை. வாங்கிக்கொள்ள மறுப்பவனுக்கு அதில் இடமில்லை. தியேட்டரிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டேன். கையெழுத்து வைத்தேன். குறிஞ்சாக்கேணிக்குக் கடிதம் எப்போது போய்ச் சேருமோ என்று நானே நினைத்து, அவருடைய வேலைத்தள விலாசத்தை எழுதினேன். தபாலுக்குக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

போகிற வழியில் வார்ட் வாசலில் ஒரு நீள மர வாங்கு. அதில் ஒரு பெண் இருந்தாள். கறுத்த முக்காடு, மடியில் துணியால் கட்டிய சாப்பாட்டுக் கோப்பை. ஒரு மாதமாக நாள்தோறும் அங்கே இருந்தவள். உப்பில்லாத சோற்றை ஆக்கி எடுத்துக்கொண்டு, எங்களூரில் பாதை என்று சொல்கிற மிதவையில் இரண்டு துறை கடந்து வருகிறவள். நான் அவளைக் கடந்துதான் போனேன். முழங்கால் இடிபடாமல் காலைக்கூட ஒதுக்கித் தந்தாள்.

மூன்று நாள் கழித்து, வார்ட்டுக்குப் பொறுப்பான தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், என்னைப் பிடித்தார். திரியாய் ஊர்க்காரி. பெரிய டொக்டரே அவருடைய குரல் கேட்டால் சேட்டு பட்டனைச் சரிபார்ப்பார்.

"ஹனீபாவுக்குத் தர ஒருத்தரும் இல்லையெண்டு எழுதிப் போட்டீங்களாமே?"

"ஓம் மிஸ்ஸி. அந்த ஆள் கடைசி வரைக்கும் மாட்டன் எண்டிட்டார்."

"நல்லது. அவரட்டக் கேட்டனீங்கள். சிறுநீரகம் ஆரின்ட வயித்துக்க இருக்கு டொக்டர்?"

கையிலிருந்த சீட்டைப் புரட்டினேன்.

"தங்கச்சியட்டக் கேட்டனீங்களா?"

"அவ கலியாணம் முடிச்சு மூண்டு பிள்ளையோட..."

"கேட்டனீங்களா இல்லையா?"

"இல்லை."

"பெரிய படிப்புத்தான்," என்றுவிட்டு, வாசலைப் பார்த்து, "பிள்ள சுலைஹா, இஞ்ச ஒருக்கா வாம்மா," என்று கூப்பிட்டார்.

புண் கட்டுகிற அறையில், கதவைச் சாத்தி, மிஸ்ஸியை வைத்துக்கொண்டு அவளிடம் எல்லாம் சொன்னேன். என்ன ஆபத்து, எத்தனை மாதம் பாரம் தூக்க முடியாது, ஒன்றோடு வாழலாமா. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பல்லைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது.

"ஒரு மாசமா இந்த வாங்குல குந்திட்டிரிக்கன். பிரட்டுக்காரன் கேட்டான் பாண் வேணுமா எண்டு. கூட்டிற பொம்புள கேட்டா காலத் தூக்கச் சொல்லி. டொக்டர்மாருக்கு மட்டும் என்னட்டக் கேக்க ஒண்டுமில்ல."

"அண்ணன்..."

"அவருக்கு வெக்கமாம். அவர் கட்டின ஊடு ரெண்டு பக்கம் ஒழுகுது டொக்டர். ஒவ்வொரு மாரிக்கும் நான் ஏசிறன், அவர் ஏணியோட வாறார். நான் ஏசினாக் கேக்க ஆள் வேணுமே. எடுங்க. எந்தப் பக்கத்த வேணுமெண்டாலும் எடுங்க."

இரத்தப் பிரிவு பொருந்தியது. அடுத்த நாள் அவளுடைய புருஷன் வந்தார். மீன்பிடிக்கிறவர். என் முகத்தைப் பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கிணத்துல தண்ணி தூக்க ஏலுமா அவளுக்கு?"

"மூண்டு மாசம் ஏலாது. பிறகு ஏலும்."

"மூணு மாசம் நான் தூக்கிறன்," என்றார். அவ்வளவுதான் அவருடைய சம்மதம்.

பிறகு அண்ணனும் தங்கச்சியும் மோதியது வார்ட் முழுவதும் கேட்டது.

"காக்கா, ஊட்ட இடிச்சுக் கல்லு கல்லா அள்ளித் தரட்டா? வாங்குவியளா?"

"கத்தாத புள்ள, சனம் பாக்குது."

"பாக்கட்டும். நீங்க தந்தது என்ட. ஓமா, இல்லயா?"

"ஓம்."

"அப்ப அதுல இருந்து நான் ஆருக்கும் குடுப்பன். கோழிக்கும் குடுப்பன். கேக்க நீங்க ஆரு?"

பக்கத்துக் கட்டில் கிழவர் சிரித்ததில் அவருக்கு இருமல் பிடித்துவிட்டது. ஹனீபா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "ஊருக்குள்ள சொல்லிப் போடாதீங்க," என்றார். அதுதான் ஓம்.

உடனே இரண்டாவது கடிதம் எழுதினேன். என் கடிதமும் அவர்களுடைய பதிலும் தபாலில் ஒன்றையொன்று கடந்திருக்க வேண்டும். முதல் படிவத்துக்கான பதில் முந்தி வந்தது. எனக்கு ஒரு பிரதி. நோயாளிக்கு ஒன்று, நான் கொடுத்த விலாசத்துக்கு, சீனன்குடாவுக்கு. கடிதம் சிங்களத்தில். கிண்ணியாப் பக்கத்து ஆட்கள் ஐந்தாறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் பியதாச என்ற போர்மன் அதை உடைத்து, கூட்டாளிக்கு நல்ல செய்தி என்ற சந்தோஷத்தில், தனக்குத் தெரிந்த தமிழில் உரக்கச் சொல்லியிருக்கிறார். டொக்டர் கையெழுத்திட்ட படிவத்தின்படி, இரத்த உறவினர் தர விரும்பாத காரணத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. வசிப்பிடமும் தூரம்.

இரத்த உறவினர் என்றால் யார்? உலகத்தில் அந்த மனிதனுக்கு ஒரே ஒரு தங்கச்சி. சுலைஹா அன்றைக்கு வீடு போய்ச் சேருவதற்குள் அந்தச் செய்தி இரண்டு துறையும் கடந்து அவளுக்காகக் காத்திருந்தது.

பெரிய டொக்டரின் அறையிலிருந்து தலைநகருக்கு ட்ரங்க் கோல் எடுத்தேன். குழுவின் செயலாளர் மிக மரியாதையான மனிதர். மரியாதையாகவே என்னைக் கொன்றார்.

"முதலில் மறுத்த பெண் இப்போது சம்மதிக்கிறாள் என்றால், யாரோ வற்புறுத்துகிறார்கள் என்றுதானே அர்த்தம் டொக்டர்? அவளைப் பாதுகாப்பது எங்கள் கடமை."

"அவ மறுக்கேல்லை, சேர். நான் அவவட்டக் கேக்கேல்லை."

"நீங்கள் கையெழுத்து வைத்திருக்கிறீர்களே."

என் கையெழுத்து எனக்கு எதிராகச் சாட்சி சொல்லியது. அவளை ஒருவரும் கேட்கவில்லை. இப்போது ஒருவரும் நம்பவும் இல்லை. இரண்டுக்கும் பெயர் பாதுகாப்பு! அதற்குப் பிறகு பல மேசைகளில் இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். ஏழைப் பெண்ணை வாயைத் திறக்க விடாமல் செய்யும்போதுதான் அதைப் பெரும்பாலும் சொல்கிறார்கள்.

பெரிய டொக்டர் படிவத்தின் பிரதியை வாங்கி வாசித்தார். ஏசுவார் என்று நின்றேன். "கத்தி பிழைச்சா ரத்தம் வரும், உடன தெரியும்," என்றார். "பேனை பிழைச்சா ஒண்டும் வராது. அதுதான் எனக்குப் பயம்." அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, கடதாசிகளைத் தூக்கிக்கொண்டு தானே ரயிலேறினார்.

திரும்பி வந்தவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்ப யோசிக்க ஒத்துக்கொண்டார்கள், அடுத்த கூட்டத்தில். அடுத்த கூட்டம் எப்போது? கூடும்போது. "குழுவில ஒருத்தர் என்னட்டக் கேக்கிறார், கிண்ணியா எந்தப் பக்கம் இருக்கு எண்டு," என்றார். உலகத்துக் கப்பற்படைகளுக்கெல்லாம் எங்கள் துறைமுகத்தின் ஆழம் பாகம் பாகமாகத் தெரியும். அந்தத் தண்ணீருக்கு மறுகரையில் மனிதர் இருக்கிறார்கள் என்பது சொந்த நாட்டின் மேசைக்குத் தெரியவில்லை. தூரமாம்! யாரிடமிருந்து தூரம்? அவர்களுடைய கதிரையிலிருந்துதானே அளந்தார்கள்.

வாரங்கள் போயின. நீரை ஏற்றினோம், இறக்கினோம். வயிற்றில் கிருமி பிடித்தது, அடக்கினோம், திரும்பப் பிடித்தது. சுலைஹா நாள்தோறும் வந்தாள். இப்போது பாதையில் அவளுக்குப் பக்கத்தில் பெண்கள் இருப்பதில்லை என்று மிஸ்ஸிதான் எனக்குச் சொன்னார்.

அனுமதிக் கடிதம் வந்தது. ஓம், வந்தது. கடவுச்சீட்டுக்குப் படம் பிடிக்க ஹனீபாவைக் கட்டிலில் நிமிர்த்தி வைத்து, மிஸ்ஸி தலை சீவிவிட்டார். "கலியாணத்துக்குக்கூட இப்பிடிச் சீவல்ல மிஸ்ஸி," என்றார் அவர். நான்கு நாள் கழித்து, பத்து மணி வெயில் வார்ட்டின் நடுப்பகுதி வரை வந்திருந்த நேரம், கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தவரின் இருதயம் நின்றது. இரத்தத்தில் ஏறிய உப்பு. நாங்கள் நாலு பேர் கட்டிலில் ஏறி நெஞ்சை அமத்தினோம். கோப்பை கட்டிலுக்குக் கீழே உருண்டு போனது.

இதற்குப் பிறகுதான் நான் கடல் கடந்து போய் இந்த வேலையைப் படித்தேன். திரும்பி வந்து, இந்த நாட்டிலேயே செய்யத் தொடங்கிய காலத்தில், எங்கள் பிரிவில் இரண்டு விஷயத்துக்காகச் சண்டை பிடித்தேன். நீங்கள் இன்றைக்குச் சலித்துக்கொண்டு நிரப்புகிற அந்த நீளமான படிவம் அந்தச் சண்டையில் வந்தது. தரக்கூடிய ஒவ்வொருவரையும் தனியாக, கதவைச் சாத்தி, அவருடைய பாஷையில் கேட்க வேண்டும். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். மாட்டேன் என்றால் அந்த மாட்டேனை வெளியே விடாமல் காக்கவும் வேண்டும். இரண்டாவது, ஊர் தூரம் என்று எழுத அந்தப் படிவத்தில் எங்கும் இடம் வைக்கக்கூடாது. துறை கடந்து நோயாளி வர முடியாவிட்டால் கிளினிக் துறை கடந்து போகட்டும். என்னைப் பிடிவாதக்காரன் என்றார்கள். இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆனால் கதை முடியவில்லை. ஹனீபா மண்ணில் அடங்கி ஒரு மாதத்துக்குப் பிறகு சுலைஹா புருஷனோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அதே வாங்கில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"மய்யத்து ஊட்டுல எனக்கு ஒருத்தரும் பாய் போடல்ல டொக்டர்," என்றாள். "காக்காவ நான் கொண்டனாம். கிட்னிய ஒளிச்சு வெச்சனாம். என்ட புள்ளைகள்ட்டயும் சொல்றாங்க. நீங்க எழுதினத நீங்களே அழியுங்க."

பதிவேட்டு அறைக்குப் போனேன். இறந்தவருடைய சீட்டில் கை வைக்க முடியாது என்றார் எழுதுவினைஞர். விதி. பிழையாக எழுதலாம், திருத்த முடியாது. என்ன விதி ஐயா அது! அவர் பார்த்துக்கொண்டிருக்கவே சீட்டை இழுத்து, தமிழில், பெரிய எழுத்தில், சகோதரியிடம் நான் கேட்கவில்லை, கேட்டபோது உடனே சம்மதித்தார் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கொண்டுபோய் அவளுக்குக் காட்டினேன்.

வாசித்தாள். "இத அலுமாரிக்குள்ள வெச்சுப் பூட்டிப் போடுவாங்க," என்றாள். "ஊருக்கு வந்து சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை போனேன். முதல் துறையில் பாதைக்காகக் காத்திருந்தேன். இரண்டாவது துறையில் திரும்பக் காத்திருந்தேன். சட்டை தோய்ந்து முதுகில் ஒட்டியது. ஒரு மாதமும், அதற்குப் பிறகு வந்த வாரங்களும், சூடு ஆறாமல் சோற்றைக் கட்டிக்கொண்டு ஒருத்தி இப்படித்தான் வந்துபோயிருக்கிறாள்.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் பள்ளிக்கு வெளியே வந்தார்கள். பள்ளியை நிர்வகிக்கிற மரைக்கார் எனக்குக் கதிரை போடச் சொன்னார். வேண்டாம் என்றேன். நின்றபடியே சொன்னேன். சுலைஹா மறுக்கவில்லை. அவவிடம் நான் கேட்கவே இல்லை. பொய்யை எழுதினது நான். அவ தரச் சம்மதித்தவ, இரத்தமும் பொருந்தினது, காலம் போனது என்னால்.



"அந்தக் கடுதாசியில கையெழுத்து ஆர்ர?" என்று கேட்டார் மரைக்கார்.

"என்ட."

"டொக்டர்ர கையெழுத்து எண்டுதான் நாங்க நம்பின," என்றார். குரலில் கோபம்கூட இல்லை. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

சுலைஹா தெருவுக்கு அப்பால், புருஷனுடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவள், நேரே என்னிடம் வந்தாள். கலையப் போன ஆண்கள் நின்றார்கள்.

"டொக்டர், மொத நாளே என்னட்டக் கேட்டிருந்தா, காக்கா இரிப்பாரா?"

இதற்கு எங்களுக்குப் பழக்கிய பதில்கள் இருக்கின்றன, உங்களுக்கும் பழக்குவார்கள். உறுதியாகச் சொல்ல முடியாது. அக்கரையிலும் பலர் இறந்தார்கள். உடம்பு ஏற்காமலும் போயிருக்கலாம். எல்லாம் உண்மை. எல்லாம் என் நாக்கு நுனியில் இருந்தன.

"ஓம்," என்றேன். "இருந்திருக்கலாம்."

அவள் தலையை ஒருமுறை ஆட்டினாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல், நின்றவர்களைப் பார்த்து, "கேட்டியளா?" என்றாள். பிறகு புருஷனிடம், "வாங்க போவம்."

துறை வரைக்கும் என்னை ஏற்றிப்போக ஒருவரும் முன்வரவில்லை. நடந்து போனேன்.